கரி துடைக்கும் ஊர்கள்

சேறும் தூசியும் காரின்மேல் சாலை பூசுகிற அழுக்கு. சைலன்சர் குழாயின் வாயில் படிகிற கரி வண்டி தனக்குத்தானே பூசிக்கொள்வது. பல கோடி ரூபாய் விலையுள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதில் விலக்கு இல்லை. புதிதில் முகம் தெரிகிற அளவுக்கு மின்னிய குழாய், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உள்விளிம்பில் கறுத்துவிடும். அப்படிப்பட்ட கார்கள் பிறக்கிற ஊர்க்காரர்கள் இந்தக் கரியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில்தான் ஒரு ஜூன் மாதம் இத்தாலியின் மோடெனாவில் போய் இறங்கினேன்.

போ நதிச் சமவெளியில் பொலோன்யாவும் மோடெனாவும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ரோமானியர்கள் கி.மு. 187இல் போட்ட வியா எமிலியா சாலை இரண்டையும் இணைக்கிறது. இந்தச் சாலையைச் சுற்றித்தான் ஃபெராரி, மாசெராட்டி, லம்போர்கினி, பகானி ஆகிய நான்கு நிறுவனங்களும் இருக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் தீவனப் புல்லும் பேரி மரங்களும். வயலுக்கு நடுவே திடீரென்று ஒரு பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் உறுமும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மோடெனா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் என்ஸோ ஃபெராரி அருங்காட்சியகம். 1898இல் பிறந்த என்ஸோவின் தந்தை உலோகப் பட்டறை வைத்திருந்தவர். அந்தப் பழைய செங்கல் கட்டடத்தை அப்படியே நிறுத்தி, பக்கத்தில் மஞ்சள் அலுமினியக் கூரை போட்ட புதிய கூடம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கார் பானெட் வடிவில் அதை வரைந்தவர் செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் யான் கப்ளிட்ஸ்கி. 2012இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. உள்ளே தரை, சுவர் எல்லாம் வெள்ளை. கார்களும் அந்த வெள்ளைக்கு ஏற்ற சுத்தம். குழாய்களைக் குனிந்து பார்த்தால் உட்புறம்கூட மின்னுகிறது. பராமரிப்பு அருமை. ஆனால் ஓடாத காரின் குழாயிடம் நான் தேடி வந்த விஷயம் எதுவும் இல்லை. மாரனெல்லோவுக்குப் பஸ் ஏறினேன்.

*

மாரனெல்லோ, மோடெனாவுக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். ஃபெராரி தன் பட்டறையை 1943இல் இங்கே மாற்றினார். ஃபெராரி பெயர் தாங்கிய முதல் கார் 1947இல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. இன்று இங்குள்ள ஃபெராரி அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் காரை வாடகைக்கு ஓட்டிப் பார்க்கத் தருகிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்து இருக்கையில் கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்துகொள்வார். பணம் கட்டியவர் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து இறங்குவார். அடுத்தவர் காத்திருப்பார்.

அந்த இடைவெளியில்தான் எனக்கு வேண்டிய காட்சி. ஒரு பையன் பாட்டிலோடும் துணிக் கற்றையோடும் காரின் பின்னால் வந்து மண்டியிடுவான். குழாயின் வெளிவிளிம்பில் ஒரு சுற்று, உள்ளே விரல் போகிற ஆழத்துக்கு ஒரு சுற்று. துணி கறுப்பாகிவிடும். அதை ஒரு வாளியில் வீசிவிட்டுப் புதுத் துணி எடுப்பான். படம் எடுப்பவர்கள் கடைசியில் எப்படியும் பின்பக்கத்துக்கு வருவார்கள், அதனால் குழாய் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவாம்.

வாடகை வண்டிகளில் கரி அதிகம் சேரக் காரணம் இருக்கிறது. இன்ஜின் சூடேறும் முன் பெட்ரோல் கலவை செறிவாக இருக்கும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய இன்ஜின்களில் கரித்துகள் இன்னும் கூடுதல். ஓட்டுபவரும் ஆக்ஸிலேட்டரைப் பார்த்துப் பார்த்து மிதிப்பவர் அல்லர். ஐரோப்பாவில் 2018க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்கள் பலவற்றில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அவற்றின் குழாய் வாய் கறுக்க நாளாகும். பழைய வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்றையும் அந்தப் பையன் காட்டினான். ஒரு காரின் நான்கு வாய்களில் இரண்டு மட்டும் கூடுதலாகக் கறுத்திருந்தன. குழாய்க்குள் இருக்கிற வால்வு ஊருக்குள் மெதுவாகப் போகும்போது மூடிக்கொள்ளும், புகை முழுவதும் ஒரு ஜோடி வழியாகவே போகும். வேகம் எடுத்தால்தான் வால்வு திறந்து மற்ற ஜோடிக்கும் வேலை வரும். இரண்டு ஜோடிக்கும் கரியில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அந்த வண்டி பெரும்பாலும் சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டி என்று சொல்லிவிடலாம்.

அருங்காட்சியகத்துக்குள் எஃப்40 காரின் பின்னால் நின்றேன். 1987இல் வந்த அந்தக் கார், என்ஸோ தன் வாழ்நாளில் ஒப்புதல் தந்த கடைசி ஃபெராரி. அடுத்த ஆண்டு அவர் காலமானார். பின்பக்கம் நட்டநடுவே மூன்று குழாய்கள். இரண்டு பக்கக் குழாய்களும் எட்டு சிலிண்டர் இன்ஜினின் புகைக்கு. நடுக்குழாய் டர்போவுக்கு மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடுவதற்கு. மூன்றும் வெறும் அழகுக்கு வைத்தவை என்று பலர் நினைத்துக்கொண்டு நகர்கிறார்கள். ஓடுகிற எஃப்40இல் மூன்றும் ஒரே சீராகக் கறுக்க வழியில்லை. இங்கே மூன்றும் ஒரேபோல் துடைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் வேலையும் வேறு என்பதும் துணியோடு போய்விட்டது.

*

மோடெனாவின் ஓரத்தில், பசுக்களின் வாடை வருகிற ஒரு பால்பண்ணைக்குள் மாசெராட்டி கார்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஒம்ப்ரே என்ற அந்தப் பண்ணையில் பார்மிஜானோ பாலாடைக்கட்டி செய்கிறார்கள். மாசெராட்டியின் பழைய கார்கள் 1996இல் லண்டனில் ஏலத்துக்குப் போகவிருந்தன. பண்ணையின் உரிமையாளர் உம்பெர்த்தோ பானினி அவற்றை வாங்கி ஊரிலேயே நிறுத்தினார். ஸ்டிக்கர் ஆல்பங்களால் உலகறிந்த பானினி குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

இங்கே வெள்ளைத் தரை இல்லை. மரமும் இரும்பும் கலந்த கூடம், அதில் 1950களின் பந்தயக் கார்கள். அந்தக் காலத்துக் குழாய்கள் சாதாரண எஃகுத் தகட்டையும் குழாயையும் வளைத்துப் பற்றவைத்தவை. வளைக்கும்போது சுவர் நசுங்காதிருக்கக் குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக அடைத்து, இரு முனையையும் மூடி, செந்தணலாகச் சூடேற்றி வளைப்பது பட்டறை வழக்கம். அப்படி வளைந்த இரும்புக்குப் பளபளப்பு என்றைக்கும் சொந்தமில்லை. எண்ணெயைத் தடவித் துருவை நிறுத்தலாம், சூடு தாங்கும் பெயிண்ட் அடிக்கலாம், அவ்வளவுதான். இந்த வயதுள்ள கார் ஒன்றின் குழாயைத் தேய்த்துக் குரோம் பூசிவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அது அந்தக் காரின் குழாயாக இருக்காது.

அங்கிருந்து சான் செசாரியோ சுல் பனாரோ. அர்ஜென்டினாவில் பிறந்த ஓராசியோ பகானி தன் பெயரில் கார் செய்யும் சிற்றூர். முதல் கார் ஸோண்டா 1999இல் வந்தது. பின்பக்க நடுவில், ஒரு வட்டத்துக்குள் நான்கு குழாய் வாய்கள். காரின் பெயர்ப்பலகையை மூடிவைத்தாலும் பகானி என்று சொல்லிவிடலாம். அடுத்து வந்த ஹுவைராவில் இந்தக் குழாய்கள் டைட்டானியம். எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 7.9 மடங்கு, டைட்டானியத்துடையது 4.5 மடங்கு. எடை குறைப்பதற்காக வந்த உலோகம், நிறத்தால் பெயர் வாங்கிவிட்டது.

டைட்டானியம் சூடாகும்போது அதன் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் தடிக்கிறது. படலத்தின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதும்போது சில நிறங்கள் அழிந்து சில எஞ்சுகின்றன. முதலில் பொன்னிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். சாயம் எதுவும் இல்லை. எவர்சில்வரிலும் இதே கதைதான். சாதாரண 304 ரகத்தில் 290 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெளிர் மஞ்சள் எட்டிப்பார்க்கும். 390இல் பழுப்பு, 450இல் கருஊதா, 540ஐத் தொட்டால் நீலம். அதனால் ஓடிய காரின் குழாயை இன்ஜின் பக்கத்திலிருந்து வால் வரை பார்த்துக்கொண்டே வந்தால் நீலம், ஊதா, பொன், வெள்ளி என்று சூடு இறங்குகிற வரிசை அப்படியே தெரியும்.

கடைகளில் வாங்கக் கிடைக்கிற, விளிம்பு நீலமாகச் சுட்ட டைட்டானிய முனைகளை இந்த அறிவோடு பார்த்தால் சிரிப்பு வரும். அவற்றில் நீலம் வெளிவிளிம்பில் இருக்கிறது, பொன்னிறம் உள்ளே போகிறது. இன்ஜின் தெருவில் நின்று காருக்குள் புகை விட்டால்தான் நிறம் அந்த வரிசையில் வரும். கேஸ் டார்ச்சால் சுட்டு விற்கிறார்கள்.

*

குழாய் துடைப்பதைத் தொழிலாகச் செய்பவர் ஒருவரை மோடெனாவின் வடக்கே, தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் பிடித்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர். இளவயதில் தகடு அடித்தவர், இப்போது கார்களுக்கு மெருகு போடுகிறார். அவருக்கு இத்தாலியம் மட்டும். பேத்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்று லிஃப்ட்டில் நின்றது ஒரு ஃபெராரி 550 மாரனெல்லோ. 1996இல் அறிமுகமான, முன்பக்கம் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் கொண்ட கார். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வாய்கள். உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

பெரியவர் முதலில் புறங்கையைக் குழாயருகே கொண்டுபோனார். சூடு முழுவதும் ஆறாமல் அவர் வேலையைத் தொடுவதில்லை. சுடுகிற உலோகத்தில் ரசாயனம் பட்டவுடனே காய்ந்து தழும்பு விழுந்துவிடும். பிறகு பம்பரின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். அடுத்து ஒரு காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தார். ஒட்டவில்லை.

“ஒட்டினால் இரண்டு அர்த்தம்,” என்றார். “நிக்கல் இல்லாத மலிவு ரகமாக இருக்கும், அல்லது இரும்பின்மேல் குரோம் பூசியதாக இருக்கும். குரோம் என்றால் நான் உப்புத்தாளைத் தொடவே மாட்டேன்.” குரோம் முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனம். அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. நன்றாகத் தேய்க்கிறேன் என்று மேலடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு துருவைத் தடுக்க ஆள் இல்லை. குரோமுக்கு மென்மையான பாலிஷும் துணியும் போதும். கறுப்புப் பெயிண்ட் அடித்த முனைகளும் கார்பன் ஃபைபர் முனைகளும் வந்தால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாராம்.

கரி எடுப்பதுதான் முதல் கட்டம். எண்ணெய்ப் பசை வாங்கும் காரத் திரவத்தைக் குழாயின் உள்ளே தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, நீண்ட கைப்பிடி பிரஷால் சுற்றினார். மையைக் கரைத்து ஊற்றினாற்போல் கறுப்பு வழிந்தது. இதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறார். கரியும் மணலும் ஏறிய துணி தப்பித்தவறி கார் பெயிண்ட்டில் பட்டால் கீறல் விழுந்துவிடும்.

ஒரு வாயின் அடியில் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பை. ஹீட் கன் வைத்து இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் உரித்து, மிச்சத்தை அசிட்டோனில் துடைத்தார். பிறகு தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர். 800, அடுத்து 1200, அடுத்து 2000. ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்கே தேய்த்தார். முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்தனவா என்பது அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். சாதாரண இரும்பு நாரை அவர் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை. எவர்சில்வரில் அதை வைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் பதிந்து, சில நாளில் அவை துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெண்கல நார் வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவோம் என்று சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பித்தளையின் மேல் படிகிற செம்பு ஆக்சைடு புளியின் அமிலத்தில் கரைந்துவிடும். எவர்சில்வரைக் காப்பதே அதன் குரோமியம் ஆக்சைடு படலம்தான், அது புளிக்கெல்லாம் அசையாது. சூட்டில் தடித்துப்போன படலத்தை அவர் தேய்த்துத்தான் எடுக்கிறார். எடுத்ததும் காற்றுப் பட்டுப் புதிய மெல்லிய படலம் தானாக வளர்ந்துவிடும். “அவசரத்துக்குக் குளியலறை ஆசிட் ஊற்றுகிறவர்கள் உங்கள் ஊரிலும் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஆசிட்டில் இருக்கிற குளோரைடு எவர்சில்வருக்கு எமன். மேலே மினுமினுக்கும், உள்ளே ஊசிக்குத்து ஊசிக்குத்தாக அரித்துக்கொண்டு போகும்.

கடைசிக் கட்டம் பாலிஷ் பசை. சிறிய ஃபெல்ட் உருளையை டிரில்லில் மாட்டி மெதுவான சுற்றில் ஓட்டினார். துணி மறுபடி கறுத்தது. இது கரி இல்லை, தேய்ந்து வருகிற உலோகமும் பசையும். துணி வெளுக்கும்வரை தேய்ப்பேன் என்று உட்கார்ந்தால் குழாய்தான் மெலியும். மெருகு வந்ததும் நிறுத்திவிட்டு, சமையல் மாவை ஒரு கை எடுத்துத் தூவித் துடைத்தார். பசையின் எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை. விரல்ரேகை இருந்தால் முதல் சூட்டில் அது உலோகத்தில் சுட்டுப் பதிந்துவிடும், பிறகு மறுபடி வாட்டர் பேப்பரிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மெழுகு போடுவதில்லை. கார்களுக்குப் பூசுகிற கார்னோபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டினால் உருகி ஓடிவிடும். சூடு தாங்கும் செராமிக் பூச்சு ஒன்றைத் தடவி உலரவிட்டார்.

*

மாலையில் உரிமையாளர் வந்தார். நான்கு வாய்களையும் பார்த்துத் திருப்தி. லிஃப்ட்டுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தார். இன்ஜினிலிருந்து வருகிற குழாய்கள் பழுப்பும் நீலமுமாக இருந்தன. இதையும் வெள்ளையாக்கிவிட முடியாதா என்று கேட்டார்.

பெரியவர் டார்ச் அடித்து இரண்டு பக்கக் குழாய்களையும் காட்டினார். பேத்தி எனக்காகச் சொன்னாள்: “இடது பக்கம் ஆறு சிலிண்டர், வலது பக்கம் ஆறு. நிறம் இரண்டிலும் ஒரே இடத்தில் மாறுகிறது, பாருங்கள். இரண்டு பக்கமும் சரியாக எரிகிறது என்று வண்டி எழுதிக் கொடுத்திருக்கிறது. நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் நீலம் நீண்டால் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அதை நான் ஏன் அழிக்க வேண்டும்? கரி வேறு. அது எரிந்ததின் மிச்சம், எடுத்துவிடலாம். இது உலோகமே.”

உரிமையாளர் அரைமனதாகத் தலையசைத்துவிட்டு, வண்டியை இறக்கச் சொல்லி இன்ஜினைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் சத்தத்தோடு நான்கு வாய்களிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. சொட்டில் கரித்துகள். அரை நாள் வேலையின் மேல் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. அவர் முகம் சுருங்கிவிட்டது, சாவியைத் திருப்பி அணைக்கப் போனார்.

“அணைக்காதீர்கள்!” என்று கத்திவிட்டார் பெரியவர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குழாய் குளிர்ந்திருந்தால் அது உள்ளேயே நீராகப் படியும், புகையின் அமிலத்தோடு சேர்ந்து சைலன்சரை உள்ளிருந்து தின்னும். காட்டுவதற்காகக் கிளப்பி அணைத்து, கிளப்பி அணைத்து வைக்கிற கார்களின் குழாய்கள்தான் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே ஓட்டையாகி இவரிடம் வருகின்றனவாம்.

மாரனெல்லோவில் ஃபெராரி தொழிற்சாலை வாசலைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகிற சாலை அபெத்தோனே கணவாய்க்கு ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,388 மீட்டர். ஃபெராரியின் பழைய கார்கள் சோதிக்கப்பட்ட மலைச்சாலை அது. பெரியவர் அந்தத் திசையில் கையைக் காட்டினார்.

“நேரே மேலே ஏறுங்கள். குழாய் முழுவதும் சூடேறட்டும், தண்ணீர் வற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இங்கே வாருங்கள், வாயை மட்டும் காசு வாங்காமல் துடைத்துத் தருகிறேன். ஓட்டாமல் கொண்டுவந்தால் தொடமாட்டேன்.”